கொண்டுபோனது ஆர்?

தைப்பொங்கல் கழிந்த கிழமை. கடையைத் திறந்து கூட்டிக்கொண்டு நின்றபோது அந்த அம்மா வாசலில் வந்து நின்றார். கையில் கண்ணாடி வெடித்த போன். "தங்கச்சி, இதில ஏழு படம் கிடக்கு. அவன் அனுப்பினவன். என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுச் சொல்லு" என்றார்.

விசுவமடுச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே என் கடை. போட்டோக்கொப்பி, தட்டச்சு, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம். ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேர் மனு எழுதுவிக்கத்தான் வருகிறார்கள். நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு எழுதினேன், பரணகம ஆணைக்குழுவுக்கு எழுதினேன், பிறகு காணாமல்போனோர் அலுவலகத்துக்கு எழுதினேன். இந்த அம்மாவுக்கு மட்டும் நாலு மனு. 2009 மே 18இல் வட்டுவாகல் பாலத்தடியில் இவருடைய மனுசன் ஆமியிடம் போனவர். அதற்குப் பிறகு கண்டவர் இல்லை. அம்மாவின் அடையாள அட்டை இலக்கம் எனக்கு மனப்பாடம்.

இப்போது ஐந்தாவது மனு, மகனுக்காக. தகப்பன் போகும்போது அவனுக்கு 8 வயது.

ஏழு படமும் ரஷ்ய எழுத்து. போனிலேயே மொழிபெயர்ப்பு இருக்கிறது, படத்துக்கு மேல் பிடித்தால் ஆங்கிலத்தில் காட்டும். நான் ஒவ்வொரு பக்கமாகப் பெருப்பித்து வாசித்து, தமிழில் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா அந்த எழுத்துகளைப் பார்க்கவே இல்லை. மூன்றாவது பக்கத்தின் ஓரத்தில், கடதாசியைப் பிடித்திருந்த பெருவிரல் படத்துக்குள் விழுந்திருந்தது. அதைத் தொட்டுக் காட்டினார். "இது அவன்ர விரல்தான். மண்வெட்டி பட்ட காயம், பார்." நகத்துக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து. ரஷ்ய எழுத்துகளுக்குக் கீழே, பள்ளிக்கூடத்தில் பழகின அதே வட்டவட்டமான தமிழ் எழுத்தில் தன் பெயரை எழுதியிருந்தான். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு சொல்லும் விளங்காத கடதாசியில் முழுப்பெயரும் பிழையில்லாமல்.

பிரான்சுக்கு என்று போன பிள்ளை. ஏஜென்சிக்காரன் 55 இலட்சம் கேட்டான். காணி உறுதியை ஈடு வைத்து, நகை விற்று, மிச்சத்துக்கு வட்டிக்கு எடுத்து முதல் 20ஐக் கட்டினார்கள். மொஸ்கோவுக்கு விசா, அங்கிருந்து காரில் எல்லை, பிறகு போலந்து என்று சொன்னானாம். எல்லைக்குக் கிட்டப் பிடிபட்டான். மறியலா, ரஷ்யப் படையில் சேரக் கையெழுத்தா என்று கேட்டிருக்கிறார்கள். குரல் பதிவில் அவன் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, இஞ்ச சரியான குளிர். சாப்பாடு தாறாங்கள். பதினைஞ்சு நாள் பழக்கிப்போட்டு முன்னுக்கு விடுவாங்களாம். ஆரிட்டயும் சொல்லாதேங்கோ." அது கார்த்திகையில் வந்தது. அதற்குப் பிறகு அம்மா அனுப்பின எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சரி மட்டும் நிற்கிறது.

அவன் கையெழுத்து வைத்த அந்த ஏழு பக்க ஒப்பந்தத்தில் ஒரு வருடம் என்று இருந்தது. அம்மாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். அவர் விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். அன்று இரவு வீட்டில் இருந்து தேடி வாசித்தபோதுதான் தெரிந்தது, 2022 செப்டெம்பர் 21இல் ரஷ்ய ஜனாதிபதி போட்ட ஆணையின்படி, படையில் கையெழுத்து வைத்தவர்களின் ஒப்பந்தம் அணிதிரட்டல் காலம் முடியும்வரை தானாக நீளும். ஒரு வருடம் என்று எழுதியிருக்கும் கடதாசி ஒரு வருடத்தில் முடியாது. அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது.

இதை எழுதக் காரணம், அந்த மூன்று நாளும் பிறகும் நான் வாசித்தவை. காசுக்குச் சண்டைபிடிக்கும் கொம்பனிகள் நல்லதா கெட்டதா என்று உலகத்தில் பெரிய வாதம் நடக்கிறது. அந்த வாதத்தில் ஆயுதம் இருக்கிறது, செலவு இருக்கிறது, திறமை இருக்கிறது. வாசலில் போனோடு நிற்கிற இந்த அம்மா மட்டும் இல்லை.

முதலில் என் வீட்டுக்குள் நடந்த வாக்குவாதத்தைச் சொல்கிறேன். அக்காவின் மனுசன், எங்கள் அத்தான், வவுனியாக்காரர். 2005இல் இருந்து 2007 வரை ஈராக்கில் நின்றவர். பக்தாத் விமான நிலையத்துக்குப் பக்கத்து அமெரிக்க முகாமில் குசினி வேலை. அமெரிக்கப் பெரிய கொம்பனி, அதற்குக் கீழே வளைகுடாக் கொம்பனி, அதற்குக் கீழே ஆள் பிடிக்கும் முகவர் என்று மூன்று தட்டு. அத்தான் கையெழுத்து வைத்தது கடைசித் தட்டில். பாஸ்போட்டை முதல் நாளே வாங்கி வைத்துவிட்டார்களாம். மாதம் 400 டொலர்.

"துவக்குப் பிடிக்கிறவன் கொஞ்சப் பேர் தங்கச்சி. மிச்சமெல்லாம் நாங்கள்தான். சமைக்கிறது, தோய்க்கிறது, லொறி ஓடுறது. நேபாளி, பிலிப்பினோ, மலையாளி, எங்கட ஆக்கள். நாங்கள் இல்லாட்டி அங்க சண்டையே இல்லை." அத்தான் சொன்னது சரி. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ஒப்பந்த வேலைக்காரர்களின் தொகை சில காலங்களில் அமெரிக்கப் படையினரின் தொகையைத் தாண்டி இருந்தது. ஆயுதம் தூக்கியவர்கள் அதில் சிறு பங்கு.

அத்தான் அந்தக் கொம்பனியைத் திட்ட மாட்டார். "சம்பளம் ஒரு மாதமும் தவறேல்லை. இந்த வீடு அந்தக் காசு. சின்னவள் படிச்சது அந்தக் காசு. அந்தப் பெடியனும் சின்னப் பிள்ளையே? 23 வயசு. கையெழுத்து வைச்சவன்தானே" என்பார். இதை நான் சும்மா தள்ளிவிடவில்லை. எங்கள் பக்கத்தில் வயல் வேலையும் மீன்பிடியும் விட்டால் என்ன இருக்கிறது? நுண்கடன்காரர் வாசலில் நிற்கிறார்கள். சண்டை முடிந்த பிறகு முன்னாள் போராளிகளே விசுவமடுவில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைக்கு, பாதுகாப்பு அமைச்சின் சம்பளத்துக்கு, வேலைக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வேறு வழி இல்லாதவன் வைக்கிற கையெழுத்தையும், நாலு வழியில் ஒன்றைத் தெரிந்தெடுத்தவன் வைக்கிற கையெழுத்தையும் ஒரே கையெழுத்து என்று என்னால் எடுக்க முடியாது.

அத்தானிடம் நான் ஒன்று கேட்டேன். உங்களோடு நின்றவர்களில் ஆராவது செத்தார்களா?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். பக்கத்துக் கட்டில் நேபாளிப் பெடியன். ஒரு விடியப்புறம் மோட்டார் குண்டு விழுந்து, மாவு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் செத்துப்போனான். கட்டிலுக்குக் கீழே அவனுடைய செருப்பு கிடந்ததாம். நாலாம் நாள் புதிதாக ஒருவன் வந்து, அந்தக் கட்டிலில் படுத்து, அந்தச் செருப்பையே போட்டுக்கொண்டு குசினிக்கு வந்தானாம். "அவன்ர வீட்டுக்கு ஆர் சொன்னது, எப்பிடிச் சொன்னது, ஒண்டும் தெரியாது. நாங்கள் கேக்கவும் இல்லை. கேட்டா ஏத்திவிடுவாங்கள் எண்டு பயம்."

அப்போது நான் வாசித்த ஒன்றை அவருக்குச் சொன்னேன். அமெரிக்காவில் 1941இல் இருந்து ஒரு சட்டம் இருக்கிறது. அந்த அரசின் ஒப்பந்தத்தில் வெளிநாட்டில் வேலை செய்கிறவர் காயப்பட்டாலோ இறந்தாலோ, எந்த நாட்டவர் என்றாலும், துணைக் கொம்பனியின் ஆள் என்றாலும், கொம்பனி போட்டுவைத்திருக்க வேண்டிய காப்புறுதியில் குடும்பத்துக்குக் காசு கிடைக்க வேண்டும். அத்தான் என்னைப் பார்த்தபடி இருந்தார். இரண்டு வருடம் அந்த முகாமில் சோறு வடித்தவர், 18 வருடம் கழித்து விசுவமடுவில் ஒரு கதிரையில் இருந்து அதை முதல்முதல் கேட்கிறார். அந்த நேபாளிப் பெடியனின் தாய்க்கு அது ஆர் சொல்லியிருக்கப் போகிறார்கள்? மனு எழுதுகிறவள் என்பதால் எனக்கு இது நெஞ்சில் குத்துகிறது. சட்டம் இருக்கிறது, படிவமும் இருக்கிறது. அந்தத் தாயின் மொழியில் மட்டும் அது இல்லை.

நேபாளத்தவர் 12 பேரின் கதை அத்தானுக்கும் தெரிந்திருந்தது. யோர்தானில் ஹோட்டல் வேலை என்று கூட்டிப்போய், பாஸ்போட்டை வாங்கி வைத்துவிட்டு, ஈராக்கில் ஓர் அமெரிக்க முகாமுக்கு வாகனத்தில் அனுப்பினார்கள். போகும் வழியில் ஆயுதக்குழுவிடம் பிடிபட்டு, 2004 ஓகஸ்டில் கொல்லப்பட்டார்கள். குடும்பங்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் பெரிய கொம்பனிக்கு எதிராக வருடக்கணக்காக வழக்காடின. கடைசியில் வழக்கு தள்ளுபடி. ஆள் பிடித்தவன் ஒரு நாட்டில், ஏற்றியவன் இன்னொரு நாட்டில், வேலை வாங்க இருந்தவன் மூன்றாவது நாட்டில். இடையில் கடதாசி மட்டும்தான் கைமாறியது.

துவக்குப் பிடித்தவர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2007 செப்டெம்பர் 16, பக்தாத்தில் நிசூர் சதுக்கம். பிளாக்வோட்டர் என்ற கொம்பனியின் காவலர்கள் சந்தியில் நின்ற வாகனங்கள்மேல் சுட்டார்கள். 17 பொதுமக்கள் செத்தார்கள். தகப்பனின் காரில் பின்னுக்கு இருந்த அலி கினானிக்கு 9 வயது. அந்தக் கொம்பனிக்காரரை ஈராக் நீதிமன்றம் தொட முடியாது. 2004 யூன் கடைசியில், ஆட்சியைக் கையளிக்க முதல் நாள், அமெரிக்க நிர்வாகி புதுப்பித்து வைத்துவிட்டுப் போன 17ஆம் இலக்கக் கட்டளை ஒப்பந்தக்காரருக்கு அந்த விலக்கைக் கொடுத்திருந்தது. ஏழு வருடம் இழுபட்டு, 2014இல் அமெரிக்க நீதிமன்றம் நாலு பேரைக் குற்றவாளி என்றது. 2020 டிசம்பர் 22இல் ட்ரம்ப் நாலு பேருக்கும் மன்னிப்புக் கொடுத்தார்.

அதே 2020இல், பங்குனியில், எங்கள் நாட்டிலும் ஒரு மன்னிப்பு. 2000ஆம் ஆண்டு மிருசுவிலில் 8 பேரைக் கொன்று புதைத்த வழக்கில் மரணதண்டனை பெற்ற ஆமிக்காரரை கோத்தாபய விடுதலை செய்தார். அதில் செத்தவர்களில் 5 வயதுப் பிள்ளையும் இருந்தது. ஆகவே அரச படை என்றால் பொறுப்புச் சொல்லும், கொம்பனி என்றால் சொல்லாது என்று நான் எழுதப் போவதில்லை. வன்னியில் இருந்துகொண்டு அப்படி எழுதினால் அது பொய். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மிருசுவில் வழக்கில் சட்டையில் இலக்கம் இருந்தது, முகாமுக்குப் பெயர் இருந்தது, தப்பி வந்த ஒருவர் விரல் நீட்டிக் காட்ட ஓர் ஆள் இருந்தான். என் மனுக்களிலும் நான் அதைத்தான் எழுதுகிறேன்: எந்தப் படை, எந்த இடம், எத்தனை மணி. பதில் வராவிட்டாலும் கேள்விக்கு ஒரு முகவரி இருக்கிறது. ஒப்பந்தம் என்று வரும்போது முதலில் அழிவது அந்த முகவரி.

பெறாமகன் யாழ்ப்பாணக் கம்பஸில் படிக்கிறான். அவன் கேட்ட கேள்விதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. "சித்தி, 1995இல் சியரா லியோனில் எக்ஸிகியூட்டிவ் அவுட்கம்ஸ் எண்ட தென்னாபிரிக்கக் கொம்பனி, சில நூறு பேரை வைச்சுக்கொண்டு, தலைநகருக்குக் கிட்ட வந்த கிளர்ச்சிக்காரரைத் துரத்தினது. கை வெட்டினவங்களை. சனம் அவங்களைக் கும்பிட்டது. 1997 தையில் கொம்பனி போச்சு, வைகாசியில் ஆட்சியே கவிண்டுபோச்சு. ஐ.நா. வராத இடத்துக்குக் கொம்பனி வந்து சனத்தைக் காப்பாத்தினா அது பிழையோ? 2009இல முள்ளிவாய்க்காலுக்கு ஆராவது வந்திருந்தா நீங்கள் வேண்டாம் எண்டிருப்பீங்களோ?"

வேண்டாம் என்றிருக்க மாட்டேன். அந்த மணலில் ஆர் வந்து கை நீட்டியிருந்தாலும் பிடித்திருப்பேன்.

2008 செப்டெம்பரில் கிளிநொச்சியில் ஐ.நா. கந்தோர் வாசலில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. அரசாங்கம் பாதுகாப்புத் தர ஏலாது என்று சொல்லிவிட்டது, அவர்கள் வெளிக்கிடுகிறார்கள். போகாதேங்கோ என்று படலையை மறித்து நின்றோம். வெள்ளை வாகனங்கள் போயின. அதே கிழமை, செப்டெம்பர் 17இல், சுவிற்சர்லாந்தில் மொன்ட்ரோ என்ற ஊரில் 17 நாடுகள் கூடி, தனியார் இராணுவக் கொம்பனிகள் போரில் எப்படி நடக்க வேண்டும் என்று ஓர் ஆவணத்தை ஏற்றுக்கொண்டன. சுவிற்சர்லாந்தும் செஞ்சிலுவைக் குழுவும் முன்னின்று செய்தது. இருக்கிற சட்டங்களை எடுத்துச் சொல்லும் நல்ல ஆவணம்தான், ஆனால் புதிதாக எவரையும் கட்டாது. அந்தத் திகதியைப் பார்த்தபோது அந்தக் கிழமை நான் எங்கே நின்றேன் என்பது ஞாபகம் வந்தது. அங்கே பேசினது எப்படி நடக்க வேண்டும் என்று. எங்கள் படலையில் கேட்டது யார் வருவார்கள் என்று.

பெறாமகனுக்கு நான் சொன்ன பதில் இது. சியரா லியோனுக்குக் கொம்பனி வந்தது அங்கே அரசாங்கம் கூப்பிட்டு, வைரம் தோண்டும் மண்ணைக் காட்டிக் காசுக்கு உறுதி சொன்னதால். முள்ளிவாய்க்காலில் தறப்பாளுக்குக் கீழே இருந்த சனத்திடம் என்ன இருந்தது? ஒரு தேங்காய்க்கே கையில் காசு இல்லை. கொம்பனி வந்திருந்தால் காசு கொடுக்கக்கூடிய பக்கத்துக்குத்தான் வந்திருக்கும். வந்ததும் அப்படித்தான்.

அது 80களில். பிரித்தானியாவின் விசேட படையான எஸ்.ஏ.எஸ்.இல் இருந்து விலகினவர்கள் நடத்திய கீனி மீனி சேர்விசஸ் என்ற கொம்பனி 1984இல் இலங்கைக்கு வந்து பொலிசின் விசேட அதிரடிப்படையைப் பழக்கியது. பிறகு அவர்களுடைய விமானிகள் இலங்கை விமானப்படையின் ஹெலிகளையும் ஓட்டினார்கள். லண்டன் சொல்லலாம், அது எங்கள் படை இல்லை, தனியார் கொம்பனி என்று. கொழும்பு சொல்லலாம், பயிற்சிதான் என்று. இரண்டு பேருக்கும் ஒரே கடதாசி உதவியது. 2020இல்தான் லண்டன் பொலிசின் போர்க்குற்றப் பிரிவு அதை விசாரிக்கத் தொடங்கியது. அதற்குள் 36 வருடம்.

எனக்கு அப்போது 9 வயது. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் அம்மம்மாவின் வயல். சூடடிக்கிற காலம். களத்தில் பெரியாக்கள் எல்லாரும் நின்றார்கள். ஹெலிச் சத்தம் கேட்டால் மரத்தடிக்கு ஓடவேண்டும் என்று எங்களுக்குப் பழக்கியிருந்தது. ஓடினோம். அம்மம்மா என்னைப் பாலைமரத்து வேரிடுக்கில் தள்ளி, தான் மேலே கவிழ்ந்து படுத்தா. ஹெலி சுற்றிச் சுற்றி அடித்தது. வைக்கோற்போரில் பட்டு வைக்கோல் பறந்தது. மாமாவின் இரண்டு மாடு விழுந்தது. போன பிறகு நாங்கள் பெடியள் செய்த முதல் வேலை, வெற்றுச் சன்னக் கோது பொறுக்கினது. வயலுக்குள் மஞ்சளாய்க் கிடக்கும், கை சுடும், சட்டையில் ஏந்திக்கொண்டு போவோம். ஆரிடம் கூடக் கோது என்று போட்டி.

ஹெலிக்குள் இருந்து சுட்டது ஆர் என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. ஆமி என்றோம், அவ்வளவுதான். ஆகாயத்தில் போகிறவனுக்குச் சம்பளச்சீட்டு லண்டனில் இருந்தும் வரலாம் என்று நெல் வெட்டுகிற சனத்துக்கு எப்படித் தெரியும்? இப்போது அந்தக் கொம்பனியைப் பற்றி வாசிக்கும்போது என் உள்ளங்கையில் அந்தக் கோதின் சூடு தெரிகிறது.

மாசி மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் மனுவைக் கையில் கொடுத்தால்தான் நம்பிக்கை என்றார். இரவு பஸ். காலையில் போய் இலக்கம் எடுத்து வாங்கில் இருந்தோம். பக்கத்தில் ஒரு சிங்களப் பொம்பிளை, நாற்பதுக்குள் வயது. மடியில் எங்களுடையதைப் போலவே நீலப் பைல் ஒன்று. அதன் கண்ணாடித் தாளுக்குள்ளால் அதே ரஷ்ய எழுத்து தெரிந்தது. அம்மா அந்தத் தாளைப் பார்த்தார், அவர் அம்மாவின் போனைப் பார்த்தார். "புத்தாத?" என்று கேட்டார், மகனோ என்று. அம்மா தலையாட்டினார். "மகே மஹத்தயா", என்ர மனுசன், என்று தன் பைலைத் தட்டினார்.

எனக்குக் கொஞ்சம் சிங்களம் வரும். குருநாகல் பக்கம். மனுசன் ஆமியில் கோப்ரலாக இருந்து விலகினவர். பின்னணியில் நின்று சாமான் ஏற்றுகிற வேலை, சண்டை இல்லை என்று சொல்லி, அவரோடு முந்தி ஆமியில் நின்ற ஒருவரே கூட்டிப்போனாராம். மூன்றாம் மாதம் கூட நின்ற ஒருவரிடம் இருந்து செய்தி: ட்ரோன் விழுந்தது, ஆள் இல்லை. உடல் வரவில்லை, கடிதம் வரவில்லை, சம்பளம் வரவில்லை. மாலு பணிஸ் வைத்திருந்தார். பிய்த்து அம்மாவிடம் பாதியை நீட்டினார். அம்மா வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அனுராதபுரம் தாண்டும்வரை அம்மா வாய் திறக்கவில்லை. பிறகு கேட்டார், "அவள் கிளிநொச்சி எண்டு ஏதோ சொன்னவள். என்ன?" மறைக்க மனமில்லை. அவளுடைய மனுசன் 2009இல் கிளிநொச்சிப் பக்கம் நின்றவர் என்று சொன்னேன். அம்மா வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதவாச்சியில் பஸ் நின்றபோது சொன்னார்: "அவளுக்கும் சொல்லேல்லை என்ன, எங்க தாட்டதெண்டு."

அந்த மாதமே, 2025 மாசியில், வெளிநாட்டு அமைச்சர் விஜித ஹேரத் பாராளுமன்றத்தில் கணக்குச் சொன்னார். ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேர், இறந்தவர் 59. பத்திரிகையில் கூலிப்படை என்று போட்டிருந்தார்கள். அந்தச் சொல் எனக்கு உறுத்தியதால் சட்டத்தைத் தேடினேன். 1977இன் ஜெனீவா மேலதிக நெறிமுறையில் 47ஆவது உறுப்புரை. கூலிப்படையாள் என்று ஒருவரைச் சொல்ல ஆறு நிபந்தனை, ஆறும் சேர்ந்து பொருந்த வேண்டும். அதில் ஒன்று, அவர் போரிடும் நாட்டின் படையில் உறுப்பினராக இருக்கக்கூடாது. பாதுகாப்பு அமைச்சோடு ஒப்பந்தம் வைத்த கணமே இந்தப் பெடியன் ரஷ்யப் படையாள் ஆகிவிடுகிறான், சட்டப்படி கூலிப்படை இல்லை. முந்தி ரஷ்யாவுக்காகச் சண்டைபிடித்த வாக்னர் என்ற கொம்பனி இருந்தது. 2023 யூன் 10இல் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சு, எல்லாத் தொண்டர் அணிகளும் யூலை 1க்குள் தன்னோடு ஒப்பந்தம் வைக்க வேண்டும் என்றது. அதில்தான் வாக்னரின் தலைவர் பிரிகோஷின் அமைச்சுக்கு எதிராகக் கிளம்பினார். ஓகஸ்ட் 23இல் விமானம் விழுந்து அவர் செத்தார். இப்போது கடதாசியின் தலைப்பில் கொம்பனிக்குப் பதில் அமைச்சு. எங்கள் பிள்ளையிடம் அந்தக் கடதாசி வந்துசேர்ந்த விதம் அத்தானிடம் வந்ததைப் போலத்தான், மூன்று தட்டு இறங்கி.

நான் கேட்பவை பெரிய காரியங்கள் இல்லை. அந்த 554 பேரின் பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் வர வேண்டும். இறந்தவரின் இறப்பை எழுத்தில் உறவுக்குச் சொல்ல வேண்டும், எங்கே தாட்டது என்பதோடு. அங்கே நிற்கிற பிள்ளைகளைத் திருப்பித் தரும்படி அரசு எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் பிரதியைத் தாய்மாருக்குக் கொடுக்க வேண்டும். ஏஜென்சிக்காரர் வாங்கின காசுக்கு வழக்கு வர வேண்டும். எங்கள் அம்மாவிடம் வாங்கினவன் இப்பவும் வவுனியாவில் வேறு பெயர்ப்பலகையோடு இருக்கிறான். ஆமியில் நின்றவரோ, ஏ.எல். எழுதிவிட்டு நின்ற பெடியனோ, வீட்டில் காத்திருக்கிற ஆளுக்கு இதில் ஒரு வித்தியாசமும் வேண்டாம்.

போன கிழமை அம்மா மறுபடி வந்தார். இந்தமுறை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு. ஊர், வயது, உயரம், அடையாளம் எல்லாம் அடித்தேன். அடையாளம் என்ற இடத்தில், வலது பெருவிரல் நகத்தில் மண்வெட்டிக் காயம். பிறகு அந்த இடம் வந்தது, கொண்டுபோனது யார் என்று எழுதவேண்டிய இடம். தகப்பனுக்கு எழுதும்போது அதில் ஒரு வரி போதும், நாலு மனுவிலும் அதே வரிதான்.

"என்னம்மா போடுறது?"

"எல்லாரையும் போடு பிள்ளை" என்றார்.

ஏஜென்சிக்காரனின் பெயர். அவனுக்கு ஆள் காட்டின எங்கள் ஊர்ப் பெடியனின் பெயர். மொஸ்கோவில் வந்து ஏற்றினவன், பெயர் தெரியாது, இந்திய இலக்கம் ஒன்றில் இருந்து கதைத்தவன், அந்த இலக்கம். எல்லையில் மறித்தவர்கள். ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சு. ஒப்பந்த இலக்கம், படத்தில் மங்கலாக இருந்தாலும் தெரிந்தவரை. பதினொரு வரி வந்தது. அடித்த தாளின் ஓரம் போதாமல் எழுத்தைச் சின்னதாக்கினேன்.

அஞ்சு கொப்பி எடுத்தேன். அம்மா ஒவ்வொன்றிலும் பொறுமையாகக் கையெழுத்து வைத்தார். நாலை உறையில் போட்டோம். ஐந்தாவதை அவர் மடித்து, தகப்பனின் கடதாசிகள் இருந்த அதே பைலில், அவற்றுக்கு மேலே வைத்தார். பிறகு போனை என்னிடம் நீட்டி, பெருவிரல் தெரிகிற அந்தப் படத்தை மட்டும் கலரில் ஒரு பிறிண்ட் எடுத்துத் தரச் சொன்னார்.